மாரத்தானுக்கு மனதைப் பழக்குவது எப்படி: பிரைமரி தேர்தல்களோடு சேர்த்து ஒரு பார்வை

மாரத்தானில் கால் ஓய்வதற்கு வெகுமுன்பே மனம் பேரம் பேசத் தொடங்கிவிடும். "கொஞ்சம் நடக்கலாமே." "இன்றைக்கு உடம்பு சரியில்லை." "நினைத்த நேரம்தான் போய்விட்டதே, இனி எதற்கு?" 28, 30ஆவது கிலோமீட்டர் வாக்கில் இந்தக் குரல் அனேகமாக எல்லோருக்கும் கேட்கும். அதற்கான பதிலைப் போட்டியன்று காலையில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. தூரத்தைக் கூட்டிக்கொண்டு போகும் அதே மூன்று, நான்கு மாதப் பயிற்சியில் அதையும் பழகியிருக்க வேண்டும்.

கூடவே அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்னால் நடக்கும் பிரைமரிகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக, மாதக்கணக்கில் நடக்கும் போட்டி அது. எத்தனை வாக்கு கிடைத்தது என்பதைவிட, எதிர்பார்த்ததற்கு மேலா கீழா என்பதே அங்கு அதிகம் பேசப்படும். 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயரில், பதவியில் இருந்த அதிபர் லிண்டன் ஜான்சன் ஏறக்குறைய 49 சதவீதம் வாங்கினார். அவரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி 42. ஜெயித்தவர் ஜான்சன்தான். ஆனால் எல்லோரும் மெக்கார்த்தியைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த மாதம் முடிவதற்குள், இனி போட்டியில் இல்லை என்று ஜான்சன் அறிவித்துவிட்டார். 1972இல் அதே மாநிலத்தில் எட்மண்ட் மஸ்கி 46க்கு 37 என்று ஜார்ஜ் மெக்கவர்னை முந்தினார். பக்கத்து மாநிலமான மெய்னைச் சேர்ந்தவர், பாதிக்கு மேல் வாங்குவார் என்ற எதிர்பார்ப்பு இருந்ததால் அந்த வெற்றி சறுக்கலாகப் பார்க்கப்பட்டது. கடைசியில் வேட்பாளரானவர் மெக்கவர்ன்.

ஓடுகிறவரின் மனமும் இதே கணக்கைத்தான் போடுகிறது. 20ஆவது கிலோமீட்டரை 5 நிமிடம் 50 விநாடியில் கடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 நிமிடத்தை எதிர்பார்த்தவருக்கு அது உற்சாகம். 5:40ஐ எதிர்பார்த்தவருக்கு அதுவே சரிவின் தொடக்கம். கால் இருவருக்கும் ஒன்றுதான். ஆகவே மனப்பயிற்சியை எதிர்பார்ப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே இலக்கோடு போகாதீர்கள்

போட்டிக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் ஓர் அரை மாரத்தானை முழு முயற்சியோடு ஓடுங்கள். அந்த நேரத்தை 2.085ஆல் பெருக்கினால் முழு மாரத்தானுக்கான மதிப்பீடு வரும். பீட்டர் ரீகல் தந்த சூத்திரம் இது. 1 மணி 55 நிமிடத்தில் அரை மாரத்தானை முடித்தவருக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் என்று கணக்கு சொல்லும். வாரத்துக்கு 60, 70 கிலோமீட்டர் ஓடிப் பழகியவர்களுக்கு இது ஓரளவு பொருந்தும். வாரத்துக்கு 40தான் ஓடுகிறவர் இதோடு 8, 10 நிமிடம் கூட்டிக்கொள்வது நல்லது.

அதிலிருந்து மூன்று இலக்குகளை எழுதுங்கள். மேற்சொன்னவருக்கு முதல் இலக்கு 4:00, அதாவது கிலோமீட்டருக்கு 5:41. இரண்டாவது 4:08, கிலோமீட்டருக்கு 5:53. மூன்றாவது, நடந்தும் ஓடியும் 4:30க்குள், கிலோமீட்டருக்கு 6:24. காற்றோ வெயிலோ கடுமையாக இருந்தால் முதல் இலக்கைத் தொடக்கக் கோட்டுக்கு வருவதற்கு முன்பே கைவிட வேண்டும். தொடங்கும்போதே 20 டிகிரியைத் தாண்டியிருந்தால் இரண்டாவது இலக்கோடு கிளம்புங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.

இரண்டாவது இலக்கு எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் நேரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், 3:00, 3:30, 4:00 போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்னால் கூட்டம் குவிவதையும், அதைத் தாண்டியதும் சட்டென்று குறைவதையும் கண்டார்கள். முழு எண் மனிதரை இழுக்கிறது என்பது இதில் நல்ல பக்கம். 36ஆவது கிலோமீட்டரில் 4:00 நழுவிவிட்டது என்று தெரிந்த நிமிடமே, அதை மட்டும் நம்பி வந்தவருக்கு ஓடக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது என்பது மறுபக்கம். 4:03இல் முடிக்கக்கூடியவர் 4:25இல் வந்து சேர்வது பெரும்பாலும் இப்படித்தான். 4:08 என்ற எண் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கிளை இருக்கும்.

முதல் 5 கிலோமீட்டர் எதையும் தீர்மானிப்பதில்லை

நெடுங்காலம் வரிசையில் முதலில் வாக்களித்துவந்த அயோவாவையும் நியூ ஹாம்ப்ஷயரையும் பற்றி மாதக்கணக்கில் செய்தி வரும். 2020இல் ஜனநாயகக் கட்சியின் பிரைமரிகளில் முடிவாகவேண்டிய பிரதிநிதிகள், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி மாநாட்டில் வாக்களிப்பவர்கள், 3,979 பேர். அதில் அயோவாவின் பங்கு 41, நியூ ஹாம்ப்ஷயரின் பங்கு 24. இரண்டும் சேர்ந்து 1.6 சதவீதம். 42.195 கிலோமீட்டரில் இதற்கு ஈடான தூரம் ஏறக்குறைய 690 மீட்டர். அந்த 690 மீட்டரில் ஜோ பைடன் நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வந்தார். நெவாடாவில் இரண்டாவது. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் முதல் வெற்றி. பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய் மூன்று நாள் கழித்து வந்தது; அதில் 14 மாநிலங்களில் 10. மற்ற வேட்பாளர்கள் விலகி ஆதரவு தந்ததும் அதற்கு ஒரு காரணம். ஓட்டத்தில் அந்த உதவி யாருக்கும் கிடைக்காது. என்றாலும் அந்த 690 மீட்டரை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்களின் கணக்குத் தப்பியது. எதிர்ப்பக்கமும் உண்டு: குடியரசுக் கட்சியில் 2008, 2012, 2016 ஆகிய மூன்று முறையும் அயோவாவில் வென்றவர்கள் ஹக்கபீ, சான்டோரம், குரூஸ். மூவரில் ஒருவரும் வேட்பாளராகவில்லை.

தேர்தலில் ஆரம்ப முடிவுகளைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கும். ஓட்டத்தில் அந்த வேலையை உங்கள் மனமே செய்யும். 3ஆவது கிலோமீட்டரில் கால் கனமாக இருந்தால் "இன்று அவ்வளவுதான்" என்று தலைப்புச் செய்தி போடும். லேசாக இருந்தால் "இன்று சாதனை" என்று போடும். இரண்டாவது தலைப்பே அதிக ஆபத்தானது. கடைசி இரண்டு, மூன்று வாரம் பயிற்சியைக் குறைத்ததால் கால் புதிதாக இருக்கும். சுற்றிலும் கூட்டம், பதற்றம். 5:20 வேகமும் 5:50 போலத் தோன்றும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கைக்கடிகாரம் காட்டும் வேகத்தையும் நம்ப முடியாது. சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையைப் பார்த்து நீங்களே கணக்கிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் செய்யவேண்டியது: இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 5 முதல் 10 விநாடி மெதுவாக, அதாவது 5:46க்கும் 5:51க்கும் நடுவே ஓடுவது. 5 கிலோமீட்டரில் அதிகபட்சம் 50 விநாடி பின்தங்குவீர்கள். மீதி 37 கிலோமீட்டரில் அதைப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை விநாடிகூட இல்லை. கடன் சின்னது என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தால், மற்றவர்கள் கடந்துபோகும்போது மனம் பதறாது. கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோவில் 2:00:35 ஓடி அன்றைய உலக சாதனையைப் படைத்தபோது முதல் பாதிக்கு 60:48, இரண்டாம் பாதிக்கு 59:47 எடுத்துக்கொண்டார். அந்த உயரத்திலும் முதல் பாதியே மெதுவாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. 2008இல் குடியரசுக் கட்சிப் போட்டியில் ரூடி ஜூலியானி ஆரம்ப மாநிலங்களை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு ஃப்ளோரிடாவில் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தார். ஜனவரி 29 அன்று அங்கே மூன்றாவதாக வந்து, மறுநாளே விலகினார். முதல் பாதியில் கிலோமீட்டருக்கு 20 விநாடி மெதுவாக ஓடினால் 7 நிமிடம் பின்தங்கிவிடும். அதை மீட்க, களைத்த காலோடு மீதி முழுவதையும் 20 விநாடி வேகமாக ஓட வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு இது நடக்காது. அடக்கி ஓடுவதற்கும் அளவு உண்டு.

கடிகாரத்தோடு சேர்த்து ஓர் எண்

சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய உணர்வு அளவுகோலில் 0 என்றால் ஓய்வு, 10 என்றால் தாங்கும் எல்லை. பயிற்சியில் ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் இந்த எண்ணை உங்களுக்குள் சொல்லிப் பழகுங்கள். நாலைந்து வாரத்தில் இது தானாக வரும். மாரத்தானில் முதல் 5 கிலோமீட்டர் 3ஆக இருக்கட்டும். 25 வரை 4, 5. 30இல் 6 அல்லது 7. 35க்கு மேல் 8, 9. 15ஆவது கிலோமீட்டருக்குள் 6 வந்துவிட்டால் கடிகாரம் என்ன சொன்னாலும் கிலோமீட்டருக்கு 10 விநாடி மெதுவாக்குங்கள். அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தால் 10 விநாடியோடு போகும், 30இல் வேறு வழியில்லாமல் வேகம் குறைந்தால் ஒரு நிமிடம் போகும்.

இந்த எண்ணுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்றால், தசை முற்றிலும் தீர்ந்துபோய் நிற்பவர்கள் குறைவு. உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேல் மார்கோராவும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் சொல்வது இது: முயற்சி எவ்வளவு கடினமாக உணரப்படுகிறது, அதற்கு எவ்வளவு தூரம் இறங்கிக் கொடுக்கத் தயார் என்ற இரண்டின் சமநிலையே நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. 2009இல் அவர்கள் நடத்திய சோதனையில் 90 நிமிடம் மூளையைக் களைப்பாக்கும் வேலை செய்துவிட்டு சைக்கிள் மிதித்தவர்கள், சாதாரணமாகத் தாக்குப்பிடிப்பதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் முன்னதாக நிறுத்தினார்கள். இதயத்தின் வேலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கடினமாக உணர்ந்தார்கள், அவ்வளவுதான்.

நடைமுறையில் இதற்கு இரண்டு பொருள். போட்டிக்கு முந்தைய நாள் வரி கணக்கு, அலுவலக அறிக்கை, நீண்ட வாக்குவாதம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். உடை, எண் அட்டை, ஜெல் (ஓடும்போது விழுங்கும் மாவுச்சத்துக் கூழ்), காலணி, எழும் நேரம், போக்குவரத்து எல்லாவற்றையும் முந்தைய மாலைக்குள் முடிவு செய்துவிட்டால் காலையில் மூளைக்கு வேலை இருக்காது. இன்னொன்று பயிற்சிக்கு: மண்டை காய்ந்த ஒரு வேலை நாளின் முடிவில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 50 முதல் 60 நிமிடம் எளிய வேகத்தில் ஓடுங்கள். களைத்த மூளையோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று பழகிப்போகும். அந்த நாளில் இன்டர்வெல் பயிற்சி (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடுவது) வேண்டாம்.

மனதில் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்கள்

"நேர்மறையாக யோசியுங்கள்" என்ற அறிவுரை 34ஆவது கிலோமீட்டரில் எதற்கும் உதவாது. அந்த இடத்தில் மூளைக்கு வாக்கியம் கட்டத் தெம்பில்லை. முன்பே கட்டி, தேய்த்து, கைக்குப் பழக்கமாக வைத்திருக்க வேண்டும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் இப்படிச் சொந்த வாக்கியங்களைப் பழகிய குழு தாக்குப்பிடித்த நேரம் ஏறக்குறைய 18 சதவீதம் கூடியது.

செய்முறை இதுதான். ஒவ்வொரு நீண்ட ஓட்டம் முடிந்ததும், குளிப்பதற்கு முன்னால், கடைசி ஒரு மணி நேரத்தில் மனம் என்ன சொன்னது என்பதை அப்படியே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம். மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு பார்த்தால் அதே மூன்று, நான்கு புலம்பல்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதுங்கள். மூன்று, நான்கு சொல்லுக்கு மேல் போகக்கூடாது. மூச்சின் தாளத்தில் அடங்க வேண்டும். பொய்யாக இருக்கக்கூடாது. "வலிக்கவே இல்லை" என்று சொன்னால் தொடையே மறுத்துப் பேசும். "வலி வரும்னு தெரியும்" என்பது நிற்கும். "இன்னும் 12 கிலோமீட்டரா" என்ற புலம்பலுக்கு "அந்த வளைவு வரைக்கும்" என்பது பதில். "எல்லாரும் என்னைத் தாண்டிப் போறாங்க" என்பதற்கு "உன் ஓட்டத்தைப் பார்."

கடைசி வாக்கியம் நீ என்று கூப்பிட்டுப் பேசுவதைக் கவனியுங்கள். நான் என்று சொல்லிக்கொள்வதைவிட, எதிரே நிற்பவரிடம் பேசுவது போல நீ என்று சொல்லிக்கொண்டவர்கள் 10 கிலோமீட்டர் சைக்கிள் சோதனையில் வேகமாக முடித்ததாக ஓர் ஆய்வு உண்டு. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: தனக்கே சொல்லும்போது மனம் சலுகை கேட்கும், அடுத்தவருக்குச் சொல்லும்போது நிதானமாகச் சொல்லும். உங்களை அதட்டி ஓடவைத்த அக்கா, அண்ணன், பயிற்சியாளர் யாராவது இருந்தால் அவர் பேசும் தோரணையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் 25 கிலோமீட்டருக்கு அமைதிப்படுத்தும் வாக்கியம் தேவை: "தோளை விடு", "பொறு, நேரம் இருக்கு". உசுப்பும் வாக்கியங்களைக் கடைசிப் 10 கிலோமீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 8ஆவது கிலோமீட்டரிலேயே உசுப்பிக்கொண்டால் வேகம் தானாக ஏறிவிடும்.

எது நடந்தால் என்ன செய்வது: ஓர் அட்டை

எது நடந்தால் எதைச் செய்வது என்று முன்கூட்டியே இணைத்து வைப்பது, வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்யும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த முறை இது. ஒரு சிறிய அட்டையில் ஆறு வரிக்கு மேல் எழுதாதீர்கள். விலாவில் பிடித்தால், கிலோமீட்டருக்கு 15 விநாடி மெதுவாக்கி, பிடித்த இடத்தை விரலால் அழுத்தி, இரண்டு நிமிடம் ஆழமாக மூச்சை வெளியே விடுவேன். ஜெல் கீழே விழுந்தால், அடுத்த நிலையத்தில் இனிப்புப் பானம் இரண்டு கோப்பை எடுப்பேன். கடிகாரம் நின்றால், உணர்வு எண்ணை மட்டும் வைத்து ஓடுவேன். இரண்டு கிலோமீட்டர் தொடர்ந்து 15 விநாடிக்கு மேல் பின்தங்கினால், இரண்டாவது இலக்குக்கு மாறுவேன். அதன்பின் முதல் இலக்கைப் பற்றி யோசிக்க மாட்டேன்.

மிக முக்கியமான வரி இது: மனம் இருண்டால், முதலில் சர்க்கரையைப் பார்ப்பேன்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மன உறுதி இல்லை என்று தங்களைத் திட்டிக்கொள்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் குறைந்திருப்பது மாவுச்சத்து. ஓடும்போது உடல் எடையின் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடை உள்ளவருக்கு மாரத்தான் முழுவதற்கும் 2,900 கலோரிக்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் தருவது ஏறக்குறைய 2,000. கொழுப்பு ஒரு பங்கை ஏற்றுக்கொண்டாலும், வேகமாகத் தொடங்கியவருக்கு 30ஆவது கிலோமீட்டர் அருகில் கையிருப்பு தீர்கிறது. சுவரில் மோதியது போல் என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் இடம் அது. மூளை சர்க்கரையை நம்பியே இயங்குவதால், காலுக்குத் தெரிவதற்கு முன்பே எரிச்சல், வெறுமை, அழுகை, கணக்குத் தடுமாற்றம் ஆகியவை வரும். 2004இல் நடந்த ஒரு சோதனையில், மாவுச்சத்துக் கரைசலை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பியவர்கள்கூட ஒரு மணி நேர சைக்கிள் ஓட்டத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் வேகமாக முடித்தார்கள். விழுங்காமலே மூளைக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. கடைசி 20 நிமிடத்தில் வயிறு ஏற்க மறுத்தால் இந்த வழியைப் பயன்படுத்தலாம்.

அளவு: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. 25 கிராம் உள்ள ஜெல் என்றால் 35ஆவது நிமிடத்தில் தொடங்கி 30 நிமிடத்துக்கு ஒன்று. 4 மணி நேர ஓட்டத்துக்கு மொத்தம் 7. கூடவே மூன்று, நான்கு வாய் தண்ணீர். பசித்த பிறகு சாப்பிடத் தொடங்கினால் தாமதம். செரித்து இரத்தத்துக்கு வர 10, 15 நிமிடம் பிடிக்கும். பயிற்சியில் குறைந்தது நான்கு நீண்ட ஓட்டங்களில் இதே ஜெல்லை, இதே இடைவெளியில் எடுத்திருக்க வேண்டும்.

தூரத்தைத் துண்டாக்குவது

42 கிலோமீட்டரை ஒரே பொருளாகப் பார்த்தால் எந்த மனமும் மலைக்கும். சமமான துண்டுகளாக வெட்டுவதும் சரிவராது, ஒவ்வொரு பகுதியின் குணமும் வேறு. 5 வரை அடக்குவது வேலை. 5 முதல் 16 வரை சலிப்பாக இருந்தால் நன்றாக ஓடுகிறீர்கள் என்று பொருள். சாப்பிடுங்கள், குடியுங்கள், நிழல் பார்த்து ஓடுங்கள். 16 முதல் 26 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாடை, தோள், கைவிரல், பாதம் என்று மேலிருந்து கீழாக ஒரு பார்வை. வில்லியம் மார்கனும் மைக்கேல் பொல்லாக்கும் 1977இல் முன்னணி மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் கண்டது, அவர்கள் போட்டியில் மனதை வேறெங்கும் அலையவிடாமல் மூச்சையும் தசையையும் கவனித்துக்கொண்டே இருந்தார்கள் என்பதை. இது பழகினால் வரும்.

26 முதல் 35 வரைதான் கடினம். பாதி தாண்டிய மகிழ்ச்சி தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்கு எட்டாது, வேடிக்கை பார்க்கும் கூட்டமும் குறைந்திருக்கும். இங்கே கிலோமீட்டரைக்கூட நினைக்க வேண்டாம். அடுத்த தண்ணீர் நிலையம். அதுவும் தூரமென்றால் முன்னால் ஓடுகிறவரின் சட்டை. 35க்கு மேல் எண்ணத் தொடங்குங்கள். இடது கால் தரையைத் தொடும்போது மட்டும் எண்ணினால், 5:41 வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 500 அளவில் வரும். நூறு வரை ஐந்து முறை. பிரிட்டனின் மாரத்தான் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃபும் போட்டியின் நடுவே நூறு வரை எண்ணும் வழக்கம் வைத்திருந்தார். எண்ணிக்கை நழுவினால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள், விட்ட இடத்தைத் தேட வேண்டாம்.

பயிற்சியில் இதற்கு ஒத்திகை: மூன்று வாரத்துக்கு ஒருமுறை 26 கிலோமீட்டர், கடைசி 8 கிலோமீட்டரை மட்டும் மாரத்தான் வேகத்தில். அந்த 8க்கு இசை கிடையாது, துணையும் கிடையாது. எழுதிய வாக்கியங்களில் எது நிற்கிறது, எது உதிர்கிறது என்று அங்கேதான் தெரியும்.

எளிய நாட்களில் மனதுக்கு ஒரு புதிர்

எல்லா ஓட்டத்திலும் உடலையே கவனித்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் அலுத்துவிடும். எளிய வேக ஓட்டங்களில் மனதை மேயவிடலாம், ஏதாவது ஒரு கணக்கைக் கொடுத்தால் இன்னும் நல்லது. பிரைமரி இதற்கென்றே செய்தது போன்றது. ஜனநாயகக் கட்சியின் விதிப்படி 15 சதவீதத்துக்குக் குறைவாக வாங்கியவருக்குப் பிரதிநிதி கிடையாது. ஒரு தொகுதியில் 6 பிரதிநிதிகள். நால்வர் வாங்கிய வாக்கு 40, 30, 16, 14 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 14 வெளியே. மீதி 86. 40ஐ 86ஆல் வகுத்து 6ஆல் பெருக்கினால் 2.79. அடுத்தவருக்கு 2.09. மூன்றாமவருக்கு 1.12. முழு எண்கள் 2, 2, 1, ஆக 5. மிச்சமிருக்கும் ஒன்று பெரிய பின்னம் உள்ளவருக்கு, அதாவது முதலாமவருக்கு. முடிவு 3, 2, 1. இனி 14 வாங்கியவருக்கு இரண்டாமவரிடமிருந்து ஒரு புள்ளியை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். 40, 29, 16, 15 ஆகும். நால்வருக்கும் தகுதி வந்துவிடும், பங்கீடு 2, 2, 1, 1 என்று மாறும். ஒரே ஒரு புள்ளி முதலாமவரின் ஓரிடத்தை எடுத்துவிடுகிறது. இப்படி இரண்டு தொகுதி போட்டால் 4, 5 கிலோமீட்டர் போனதே தெரியாது.

இதில் இன்னொரு பயனும் உண்டு. 22ஆவது கிலோமீட்டரில் இதே கணக்கு திடீரென்று பிடிபடவில்லை என்றால் வேகம் எளிய வேகம் இல்லை, அல்லது ஜெல் தள்ளிப்போயிருக்கிறது. தோராயமான அளவுகோல்தான், ஆனாலும் கவனிக்கத்தக்கது. போட்டி நாளில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

எப்போது விலகுவது

விலகும் விதியைப் போட்டிக்கு முன்னாலேயே எழுதுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றி வழி குழம்புவது, வெயிலில் உடல் சில்லிடுவது அல்லது வியர்வை நிற்பது, நடையையே மாற்றும் கூர்மையான வலி, நிறையத் தண்ணீர் குடித்தபின் வாந்தியும் விரல் வீக்கமும்: இவற்றில் எது வந்தாலும் நின்று மருத்துவ உதவியைக் கேளுங்கள். இங்கே எந்த வாக்கியமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

மற்ற நேரங்களில் மூன்று கட்டுப்பாடுகள். ஏற்றத்தில் முடிவெடுக்கக்கூடாது. ஜெல் எடுத்து 15 நிமிடம் ஆவதற்கு முன் முடிவெடுக்கக்கூடாது. நின்றுகொண்டு முடிவெடுக்கக்கூடாது, இரண்டு நிமிடம் நடந்து, குடித்து, அடுத்த நிலையம் வரை மெதுவாக ஓடிய பிறகு கேள்வியை மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் கேள்வியே மாறியிருக்கும். 2007 கோடையில் ஜான் மெக்கெயினின் பிரசாரம் பணமில்லாமல் ஏறக்குறைய முடங்கியது. அவர் ஆட்களையும் செலவையும் குறைத்து நியூ ஹாம்ப்ஷயரில் மட்டும் கவனம் வைத்தார். 2008 ஜனவரியில் அங்கே வென்று மார்ச்சில் வேட்பாளரானார். மூன்றாவது இலக்குக்கு இறங்கி, 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று மாற்றிக்கொள்வது இந்த வகை.

முடிந்த பிறகு

இரண்டு நாளுக்குள், நினைவு மங்குவதற்கு முன், ஒரு தாளில் மூன்று வரிசை போடுங்கள். முதலில் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் எடுத்த நேரம். அதற்கு நேராக உணர்வு எண். மூன்றாவதில் அப்போது மனம் சொன்னது. உணர்வு எண் எங்கே முதன்முதலில் 6 ஆனது என்று பாருங்கள். 15க்கு முன்பே என்றால் அடுத்த முறை இலக்கு வேகத்தைக் கிலோமீட்டருக்கு 5 விநாடி தளர்த்துங்கள். 25க்கும் 30க்கும் நடுவே 6 வந்து, அதே இடத்தில் புலம்பலும் தொடங்கியிருந்தால் முந்தைய ஜெல் எத்தனை மணிக்கு என்று தேடுங்கள். எண் 7இலேயே நின்று வேகம் மட்டும் விழுந்திருந்தால் வாக்கியங்களை மாற்ற வேண்டும். 26 கிலோமீட்டர் ஒத்திகையை அடுத்த பயிற்சிக் காலத்தில் ஒன்று கூட்டுங்கள். ஓட்டம் முடிந்த வாரத்தில் பலருக்கும் காரணமில்லாத வெறுமை வரும். அந்த மனநிலையில் அடுத்த மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம், இரண்டு வாரம் போகட்டும்.